கட்டத்தாளில் ஓர் அன்னம்

கூடூரிலிருந்து ரேணிகுண்டாவை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் வேங்கடகிரி, ஸ்ரீகாளஹஸ்தி என்னும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. திருப்பதிக்கு யாத்திரை செல்வோர் பலர் இவ்விரு நிலையங்களையும் கடந்தே செல்கின்றனர். இரண்டு ஊர்களும் துணிக்குப் பெயர் பெற்றவை. துணியில் அன்னப்பறவையின் உருவத்தை அமைக்கும் முறையில் மட்டும் இரண்டும் நேர்மாறானவை.

ஸ்ரீகாளஹஸ்தியில் கலைஞர் துணியின்மீது வரைகிறார். கடுக்காய்ச் சாறும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியை விரித்து, கூராகச் சீவிய மூங்கிற் குச்சியை வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய கறுப்புச் சாயத்தில் தோய்த்துக் கோடு இழுக்கிறார். கலம்காரி எனப்படும் இக்கலையில் அன்னத்தின் கழுத்து எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவும் வளையும். கை செல்லும் வழியே கோடும் செல்கிறது.

வேங்கடகிரி நெசவாளருக்கு அத்தகைய சுதந்திரம் இல்லை. அவர் கோடு இழுப்பதில்லை; நூல்களை எண்ணுகிறார். பாவு நூல்களில் எவற்றின்மேல் பூ வேலைக்கான ஊடை செல்ல வேண்டும், எவற்றின்கீழ் செல்ல வேண்டும் என்பதை வரிசைக்கு வரிசை தீர்மானித்து அன்னத்தை உருவாக்குகிறார். ஆகவே, படம் தறிக்கு வருவதற்கு முன்னர் எண்ணிக்கையாக மாற வேண்டும். அம்மாற்றம் நிகழும் இடம் கட்டமிட்ட ஒரு தாள். சாதாரணப் படம் ஒன்று கட்டத்தாளில் ஏறித் துணியாக இறங்குவது எவ்வாறு என்பதும், இடையில் நேரும் சிறு பிழை எத்துணை உழைப்பை வீணாக்கும் என்பதும் அறியத்தக்கவை. கம்பளி நூலால் சட்டை பின்னுவோருக்கும் இதே கணக்கு வேண்டியிருக்கிறது.

மெல்லிய நூலின் ஊர்

வேங்கடகிரி நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டது. வெலுகோடி வமிசத்து ஜமீன்தார்களின் ஆதரவில் இவ்வூர் நெசவு வளர்ந்தது. மென்மையான பருத்திப் புடைவை, ஜரிகைக் கரை, முந்தானையில் ஜாம்தானிப் பூ வேலை ஆகியவை இதன் அடையாளங்கள். அன்னம், மயில், கிளி, மாங்காய், இலை ஆகியன வழக்கமாக நெய்யப்படும் உருவங்கள்.

நூலின் மென்மையை நம்பரால் குறிப்பது நெசவுத் தொழிலின் வழக்கம். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகுமோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 100-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டு 84,000 கஜம் நீளும். அதாவது, ஏறத்தாழ 77 கிலோமீட்டர். இத்தகைய நூல்களை நெருக்கமாக வைத்து நெய்யும்போது ஓர் அங்குலத்திற்குள் பல பத்து நூல்கள் அடங்கிவிடுகின்றன. சிறிய படத்தையும் நுட்பமாகக் காட்ட முடிவது இதனால்தான். அதே காரணத்தினால் எண்ணுவதில் கவனமும் மிகுதியாக வேண்டியிருக்கிறது.

ஆம், இல்லை என்னும் இரண்டே சொற்கள்

பாவு நூல் நீளவாட்டில் செல்வது. ஊடை நூல் குறுக்கே செல்வது. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நூல் மேலே இருக்கும், மற்றது கீழே இருக்கும். மூன்றாவது நிலை எதுவும் இல்லை. எனவே துணியின் ஒவ்வொரு சந்திப்பையும் தாளில் ஒரு கட்டமாகக் கொண்டால், பூ நூல் மேலே தெரிய வேண்டிய கட்டத்தைக் கறுப்பாக்கலாம். மற்றவற்றை வெறுமையாக விடலாம். படம் முழுவதும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடைகளின் தொகுதியாகிவிடுகிறது.

கட்டங்களைக் கொண்டு உருவம் அமைப்பது நம் நாட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதன்று. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழர் கோலம் என்றும் தெலுங்கர் முக்கு என்றும் அழைக்கும் வாசற்கோலத்தில் முதலில் புள்ளிகள் எண்ணி வைக்கப்படுகின்றன. உருவம் பின்னரே பிறக்கிறது. இக்கோலங்களின் இலக்கணத்தைக் கணித முறையில் ஆராய்ந்து, சென்னையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். கணிப்பொறிக்குப் படங்களை விவரிக்கும் முறையைப் பற்றிய ஆராய்ச்சியில் அது குறிப்பிடத்தக்க இடம் பெற்றது.

எனினும் கோலத்திற்கும் துணிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கோலத்தில் புள்ளிகளின் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றே. துணியில் அவ்வாறு இருப்பது அரிது. அனுபவமில்லாதவர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

கட்டம் சதுரம், துணி சதுரமன்று

ஓர் உதாரணத்தைக் கொள்ளலாம். ஒரு துணியில் அங்குலத்திற்கு 80 பாவு நூல்கள் இருப்பதாகவும், பூ வேலைக்கு அவை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது குறுக்குவாட்டில் அங்குலத்திற்கு 40 கட்டங்கள் கிடைக்கும். நீளவாட்டில் அங்குலத்திற்கு 32 பூ ஊடைகள் விழுவதாகக் கொண்டால் 32 வரிசைகள் கிடைக்கும். ஒன்றரை அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள ஓர் அன்னத்திற்கு 60 கட்ட அகலமும் 48 வரிசை உயரமும் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் கணக்கிற்குப் பயன்படுத்தும் சதுரக் கட்டத்தாளில் இதே அன்னத்தை வரைபவர், படத்தின் அகலமும் உயரமும் சமம் என்பதால் 60 கட்டம் அகலம், 60 கட்டம் உயரம் என்று வரைந்துவிடுவார். தாளில் அது அழகாகவே தோன்றும். தறியில் நெய்தாலோ 60 வரிசைகள் ஏறத்தாழ 1.9 அங்குலம் எழும்பிவிடும். உயரம் கால் பங்கு மிகுந்து, அன்னம் கொக்காகிவிடும்.

கம்பளிப் பின்னலில் பிழை எதிர்ப்புறமாக நேரும். சாதாரணப் பின்னலில் ஒரு கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட மிகுதி. 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 20 கண்ணிகளும் 28 வரிசைகளும் அடங்கும் பின்னல் ஒன்றை எடுத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்கு 20 கண்ணி அகலமும் 28 வரிசை உயரமும் வேண்டும். சதுரக் கட்டத்தாளை நம்பி 20 வரிசைகளுடன் நிறுத்தினால் உயரம் 7 சென்டிமீட்டர் அளவே வரும். வட்டம் நசுங்கிவிடும், அன்னம் வாத்தாகிவிடும்.

இக்குறையை நீக்கும் வழி எளியது. முதலில் வரைவதன்று, முதலில் எண்ணுவதே முறை. அதே நூலில், அதே அச்சில் நெய்த மாதிரித் துண்டு ஒன்றைத் தறியின் இழுவிசையிலிருந்து விடுவித்து, துவைத்து உலர்த்தி, பின்னர் அங்குலத்திற்கு எத்தனை நூல், எத்தனை வரிசை என்று எண்ண வேண்டும். தறியில் இழுபட்ட நிலையில் உள்ள துணியின் அளவும், தளர்ந்த துணியின் அளவும் ஒன்றல்ல. பின்னல் வேலையிலும் சிறு மாதிரி பின்னி, நனைத்து உலர்த்தி அளப்பதே சரியான முறை.

எண்ணிக்கை கிடைத்தபின் அதே விகிதத்தில் கட்டமிட்ட தாளைத் தேர்ந்தெடுக்கலாம். நெசவு வரைபடத்திற்கென்றே பல விகிதங்களில் தாள்கள் அச்சிடப்படுகின்றன. மேற்கூறிய துணியின் விகிதம் 40-க்கு 32, அதாவது 10-க்கு 8. ஒரு பெரிய சதுரம் குறுக்கே 10 பகுதிகளாகவும் உயரத்தில் 8 பகுதிகளாகவும் பிரிக்கப்பட்ட தாளில் வரைந்தால், தாளில் காணும் உருவமே துணியிலும் காணப்படும். அத்தகைய தாள் கிடைக்காதவர் அளவுகோலின் உதவியால் தாமே கோடிட்டுக்கொள்ளலாம்.

படிக்கட்டில் ஏறும் கோடு

தாள் அமைந்தபின் படத்தை எளிமையாக்க வேண்டும். இறகின் ஒவ்வொரு மயிரையும் காட்டக் கட்டங்கள் இடம் தரமாட்டா. அன்னத்தை அன்னமென்று அறிவிப்பவை வளைந்த கழுத்து, அலகு, உயர்ந்த வால் ஆகியவையே. இவற்றின் புறக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். புறக்கோட்டினுள் பாதிக்கு மேல் அடங்கும் கட்டத்தைக் கறுப்பாக்குவதும், பாதிக்குக் குறைவாக அடங்குவதை விட்டுவிடுவதும் பொது விதி.

விதியைக் கண்மூடிப் பின்பற்றினால் கோடுகள் பல்வரிசை போல் முரடாகத் தோன்றும். சாய்ந்த கோடு கட்டத்தாளில் படிக்கட்டாகவே அமையும். அப்படிகள் சீராக இருந்தால் கண் அவற்றை ஒரே கோடாகக் காணும். 12 கட்டம் செல்வதற்குள் 5 படி ஏற வேண்டிய நேர்கோடு ஒன்றை 2, 3, 2, 3, 2 என்னும் படிகளாக அமைத்தால் கோடு நேராகத் தெரியும். அதையே 1, 4, 1, 5, 1 என்று அமைத்தால் கூட்டுத்தொகை 12 ஆக இருந்தும் கோடு நொண்டும். நேர்கோட்டில் படிகளின் நீளம் ஒன்றுக்கொன்று ஒரு கட்டத்திற்குமேல் வேறுபடக் கூடாது. வளைவில் படிகள் 1, 1, 2, 3, 5 என்று படிப்படியாக வளர வேண்டும், அல்லது படிப்படியாகக் குறைய வேண்டும்.

கைத்தொழிலாளர் கண்ணால் அறிந்திருந்த இவ்வுண்மையைப் பிற்காலத்தில் கணிப்பொறி விஞ்ஞானமும் விதியாக வகுத்தது. கட்டங்களால் ஆன பரப்பில் நேர்கோடு வரைவதற்கு ஜாக் பிரெசன்ஹாம் என்பவர் வகுத்த வழிமுறை 1965-இல் வெளியாயிற்று. அது தரும் நேர்கோட்டிலும், இரு முனைப் படிகள் நீங்கலாக, படிகளின் நீளம் ஒரு கட்டத்திற்குமேல் வேறுபடுவதில்லை.

கடைசியாக, கண்ணுக்கு ஒரே ஒரு வெறுங்கட்டம், அலகிற்கு ஓரிரு கறுப்புக் கட்டங்கள் என்று கைத்திருத்தம் செய்ய வேண்டும். ஒரு கட்டம் இடம் மாறினால் அன்னத்தின் முகமே மாறிவிடும். 60 கட்ட அகலமும் 48 வரிசை உயரமும் உள்ள படத்தில் 2,880 கட்டங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று இத்துணை முக்கியம் பெறுவது வியப்பிற்குரியது.

நூலின் நிபந்தனைகள்

படம் கண்ணுக்கு நன்றாக இருந்தால் போதாது. நூலும் அதை ஏற்க வேண்டும். கறுப்புக் கட்டங்கள் ஒரே வரிசையில் நெடுந்தூரம் தொடர்ந்தால், பூ நூல் எங்கும் கட்டுப்படாமல் துணியின்மேல் நீளமாகக் கிடக்கும். வளையலிலோ மெட்டியிலோ சிக்கி அறுந்துவிடும். ஆகவே அகன்ற பகுதிகளில் இடையிடையே வெறுங்கட்டங்களை வைத்து நூலைக் கட்ட வேண்டும். அவ்வெறுங்கட்டங்களை இறகின் வரிகள் போலவோ இலையின் நரம்புகள் போலவோ அமைப்பது வரைபவரின் திறமை. இரண்டு நிறக் கம்பளியால் பின்னுவோரும், பயன்படாத நிறத்து நூல் துணியின் பின்புறத்தில் 5 கண்ணிகளுக்கு மேல் தளர்ந்து செல்லாதபடி பார்த்துக்கொள்வர். விரலில் மாட்டும் ஆடையைக் குழந்தைகளுக்கு அணிவிப்பது எளிதன்று.

படிக்கும் திசையும் நினைவில் இருக்க வேண்டும். தாளில் எழுத்து மேலிருந்து கீழே வருகிறது. துணியோ கீழிருந்து மேலே வளர்கிறது. எனவே வரைபடத்தை அடிவரிசையிலிருந்து தொடங்க வேண்டும். முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிப் பின்னும் கம்பளி வேலையில் ஒரு வரிசையை வலமிருந்தும் அடுத்த வரிசையை இடமிருந்தும் படிக்க வேண்டும். துணியின் முகப்பைக் கீழ்நோக்கி வைத்து நெய்யும் தறியில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறும். அன்னத்திற்கு இது பெரிய குறையன்று. எழுத்து நெய்பவருக்கோ இது பெருங்கேடு.

தறியில் வரைபடம்

ஜாம்தானி முறையில் ஒவ்வொரு பூவிற்கும் தனித்தனியே சிறு நூற்கண்டு உண்டு. நெசவாளர் தரை ஊடையைச் செலுத்தியபின், வரைபடம் கூறும் நூல்களைப் பிரித்து, கண்டினைக் கையால் நுழைக்கிறார். ஒரு வரிசையில் 10 அன்னங்கள் இருந்தால் 10 கண்டுகள். 48 வரிசை முடியும்போது அவர் 480 முறை கண்டு நுழைத்திருப்பார். பூவுக்குப் பூ நூல் தாண்டிச் செல்லாததால் துணியின் பின்புறமும் தூய்மையாக இருக்கும்.

இவ்வேலையின் ஒரு பகுதியை யந்திரத்திற்கு விட்டவர் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு. அவருடைய அமைப்பு 1804-ஐ ஒட்டி உருப்பெற்றது. அதில் வரைபடத்தின் ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டையாகிறது; கறுப்புக் கட்டம் இருக்கும் இடத்தில் அட்டையில் துளை இடப்படுகிறது. துளைக்கு நேரான கொக்கி உயர்ந்து தன் பாவு நூல்களைத் தூக்குகிறது. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்து 1839-இல் வெளியிட்டபோது அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்படத்தின் பிரதி ஒன்றைக் கணித யந்திரம் அமைக்க முயன்ற சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கில அறிஞர் தம்மிடம் வைத்திருந்தார். துளையிட்ட அட்டையால் யந்திரத்திற்கு ஆணையிடலாம் என்னும் கருத்தைத் தறியிலிருந்தே அவர் எடுத்துக்கொண்டார்.

மேற்சொன்ன அன்னத்திற்கு 60 கொக்கிகளும் 48 அட்டைகளும் போதும். ஆனால் அட்டை சிந்திப்பதில்லை. ஓர் அட்டையில் ஒரு துளை தவறிவிட்டால், அத்தவறு ஒவ்வோர் அன்னத்திலும் விழும். புடைவையில் 100 அன்னங்கள் இருந்தால் 100 தவறுகள். கம்பளிச் சட்டையில் பிழை கண்டால் நூலை உருவிப் பிரித்து மீண்டும் பின்னலாம். நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணியை அவ்வாறு பிரிப்பது பெருந்தொல்லை, நூலும் நைந்துவிடும். குறையுள்ள புடைவை குறைந்த விலைக்கே போகும். நாட்கணக்கில் தறிக்குழியில் அமர்ந்து உழைத்தவரின் கூலி, தாளில் விழுந்த ஒரு புள்ளியைச் சார்ந்திருக்கிறது. ஆகையால்தான் அனுபவமுள்ளோர் அட்டை குத்துவதற்கு முன் வரைபடத்தைத் தள்ளி வைத்துத் தொலைவிலிருந்து நோக்குகின்றனர். பின்னர் வரிசை வரிசையாக எண்ணியும் சரிபார்க்கின்றனர்.

ஓவியரும் நெசவாளரும்

ஓவியர் நூலை அறியாமலும் நெசவாளர் ஓவியத்தை அறியாமலும் இருந்தால் நல்ல வரைபடம் பிறவாது. இருவரையும் ஒன்றுசேர்க்கும் நோக்குடன் மத்திய அரசாங்கம் 1950-களில் நெசவாளர் சேவை நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை மும்பையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றினார். வேங்கடகிரியில் பிரகடா கோட்டையாவின் பெயரைத் தாங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு இத்தொழிலைக் கற்பிக்கிறது.

இன்று படத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் வேலையைக் கணிப்பொறி சில விநாடிகளில் செய்துவிடுகிறது. ஆயினும் அதற்கும் துணியின் எண்ணிக்கையை மனிதரே கூற வேண்டும். 40, 32 என்று கூறாமல் விட்டால் கணிப்பொறியும் கொக்கையே வரையும். அன்னத்தின் கண் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இன்றும் ஒரு தேர்ந்த கண் வேண்டும்.

துணியிலிருந்து தாளுக்கு

படம் துணியாவதுபோல் துணியும் படமாகலாம். இதன் பயன் பெரிது. பழைய புடைவைகளில் உள்ள பல உருவங்களுக்கு வரைபடம் இல்லை. அவை நெய்தவரின் நினைவிலும் விரல்களிலும் இருந்தவை. அவருக்குப்பின் தறியில் அமர எவரும் இல்லாவிட்டால் உருவமும் அவருடன் மறைந்துவிடும். பருத்தித் துணியோ நாளடைவில் மடிப்புகளில் இற்றுப்போகும் இயல்புடையது.

ஆனால் பெட்டியின் அடியில் கிடக்கும் கிழிந்த முந்தானை ஒன்று போதும். நூல் எண்ணும் உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன்மேல் வைத்து, அங்குலத்திற்குப் பாவு எத்தனை, பூ ஊடை எத்தனை என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த விகிதத்தில் கோடிட்ட தாளில், அடிவரிசையிலிருந்து தொடங்கி, பூ நூல் மேலே தெரியும் இடங்களைக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பொறுமையுள்ள மாணவர் ஒருவர் சில மாலைப் பொழுதுகளில் ஓர் அன்னத்தை இவ்வாறு தாளுக்குக் கொண்டுவந்துவிடலாம். தாளின் ஓரத்தில் நூலின் நம்பரையும் அங்குல எண்ணிக்கையையும் எழுதி வைப்பது அவசியம். அவ்வெண்கள் இல்லாத வரைபடம் அளவுகோல் இல்லாத நிலப்படத்தைப் போன்றது.

அவ்வாறு எழுதப்பட்ட தாள் இருக்கும்வரை, இற்றுப்போன துணியிலிருந்த அன்னம் வேங்கடகிரித் தறியில் மீண்டும் நெய்யப்படலாம். மலைநாட்டுப் பெண் ஒருத்தி கம்பளிச் சட்டையில் அதைப் பின்னவும் கூடும். அவள் செய்ய வேண்டியது ஒன்றே: வரையத் தொடங்குமுன், தன் பின்னலில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.